பேசாத படங்களைக் காப்பாற்றிய சில்லறை ரசிகர்கள்

நம் காலாண்டு மடலில் தண்ணீர்த் தொட்டி, லிப்ட் பராமரிப்பு, சொத்து வரி, ஜெனரேட்டர் டீசல் கணக்கு எல்லாம் படித்துப் படித்துக் களைத்திருப்பீர்கள். இந்த இதழில் கொஞ்சம் சிரிப்போம். நூறு வருடத்துக்கு முந்தைய சிரிப்பு. சிரித்து முடித்த கையோடு உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கடைசிவரை படியுங்கள், புரியும்.

மௌனப் பட நகைச்சுவை என்றதும் நம்மில் பலருக்குச் சார்லி சாப்ளினின் தொப்பியும் கைத்தடியும்தான் நினைவுக்கு வரும். ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்காக இந்தப் படங்களைச் சேர்க்க ஆரம்பித்தவன் நான். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் எழுதிய புத்தி எங்கே போகும்? படங்களைப் பார்த்துச் சிரிக்கும்போதே, "இது எப்படிப் பிழைத்து நம் கைக்கு வந்தது? யார் வைத்திருந்தார்கள்? யார் தூக்கி எறிந்தார்கள்?" என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர்

சினிமா பிறந்தபோதே நகைச்சுவையும் கூடப் பிறந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அதில் ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டுப் படம் ஒன்று. தோட்டக்காரர் குழாயால் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆயிற்று என்று அவர் குழாயின் வாயைப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். இவ்வளவுதான் கதை. இன்றைக்கு நம் குடியிருப்புத் தோட்டத்தில் இது நடந்தாலும் மாடியிலிருந்து பார்க்கிற நாம் சிரிப்போம்.

அதன் பிறகு பிரான்ஸில் மாக்ஸ் லிண்டர் என்பவர் பட்டுத் தொப்பியும் கோட்டும் அணிந்த பணக்கார வாலிபனாக வந்து உலகப் புகழ் பெற்றார். சாப்ளினே அவரைத் தன் ஆசான் என்று மதித்தார். அமெரிக்காவில் 1912-இல் மேக் செனட் கீஸ்டோன் கம்பெனியைத் தொடங்கினார். துரத்தல், வழுக்கி விழுதல், கூட்டமாக ஓடும் போலீஸ்காரர்கள் என்று வாரம் தவறாமல் படங்கள் வெளிவந்தன. 1914-இல் அங்கே சேர்ந்த சாப்ளினுக்கு வாரச் சம்பளம் 150 டாலர். 1915-இல் எஸ்ஸனே கம்பெனியில் 1,250 டாலர். 1916-இல் மியூச்சுவல் கம்பெனியில் வாரம் 10,000 டாலர், கையெழுத்துப் போட்டதற்குத் தனியாக 1,50,000 டாலர் போனஸ். இரண்டே வருடத்தில் இப்படி ஓர் இன்க்ரிமென்ட்! நம் ஊதிய ஒப்பந்தங்களை நினைத்து நான் பெருமூச்சு விட்டதை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏன் இன்னும் சிரிக்கிறோம்?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பழைய படமா? எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்களே" என்பீர்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். பெரும்பாலும் வினாடிக்கு 16 முதல் 20 படங்கள் வரை பதிவாகும். பேசும்படம் வந்ததும் வேகம் வினாடிக்கு 24 என்று நிலையாகிவிட்டது. 16-இல் எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். தொலைக்காட்சியில் நாம் பார்த்த ஓட்டத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நகைச்சுவைக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றி வேகத்தைக் கூட்டியதும் உண்டு. ஆனால் அது உப்பு போல அளவாகத்தான். சரியான வேகத்தில் ஓட்டிய பிரதியைப் பார்த்தால் அவர்களின் முகபாவமும் நடையும் அவ்வளவு நயமாக இருக்கும்.

இரண்டாவது விஷயம், அங்கே நடப்பது நிஜம். பஸ்டர் கீட்டன் 1928-இல் நடித்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் புயலடித்து ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கிற இடத்தில் விழுவதால் பிழைக்கிறார். அந்தச் சுவர் சுமார் இரண்டு டன் எடை என்பார்கள். நாலு விரற்கடை தள்ளி நின்றிருந்தால் ஆள் இல்லை. 'தி ஜெனரல்' படத்துக்காக 1926 ஜூலையில் ஒரிகன் மாநிலத்தில் ஒரு நிஜ ரயில் எஞ்சினை எரிகிற பாலத்தின் மேல் ஓட்டி ஆற்றில் விழவைத்தார். அந்த ஒரே காட்சிக்கு ஆன செலவு 42,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் நடுவில் கீட்டனின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வராது. அதனாலேயே நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஹெரால்ட் லாயிட் வேறு ரகம். வட்டக் கண்ணாடி போட்ட சாதாரண ஆள். 1923-இல் வந்த 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக வருவார். கடைக்குக் கூட்டம் சேர்க்க உயரமான கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏறி, ஒரு பெரிய கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துத் தொங்குவார். அந்தப் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாதது இது: 1919-இல் விளம்பரப் படம் எடுக்கும்போது போலி என்று நினைத்துக் கையில் பிடித்த குண்டு வெடித்து, வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. கையுறைக்குள் செயற்கை விரல் வைத்துக்கொண்டு, மீதி மூன்று விரலோடுதான் அவர் அந்தச் சுவரில் ஏறுகிறார்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரிது. பேச்சு இல்லாததால் மொழி தடையில்லை. எங்கள் வீட்டில் காது மந்தமான என் பெரியக்கா இருக்கிறார். லீவுக்கு வரும் பேரனுக்குத் தமிழ் அரைகுறை. தமிழ் நகைச்சுவை போட்டால் பேரன் முழிப்பான். ஆங்கிலம் போட்டால் அக்கா தூங்கிவிடுவார். கீட்டனைப் போட்டால் இரண்டு பேரும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள். எண்பது வயதையும் எட்டு வயதையும் ஒரே இடத்தில் சிரிக்க வைக்கிற சரக்கு இன்று கடையில் எங்கே கிடைக்கிறது? 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்' நினைவிருக்கும். ஒரு வசனம்கூட இல்லாமல் நம்மைச் சிரிக்கவைத்த அந்தப் படம் இந்த மரபின் நேர் வாரிசு.

ஏட்டில் பூஜ்யம்

இவ்வளவு நல்ல பொருளை எல்லாரும் பத்திரமாக வைத்திருந்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டேவிட் பியர்ஸ் தயாரித்தது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் முதலில் வெளியான அதே வடிவத்தில் முழுமையாக இருப்பவை 14 சதவீதம் மட்டுமே. இன்னொரு 11 சதவீதம் வெளிநாட்டுப் பதிப்பாகவோ, வீட்டு உபயோகத்துக்கான சின்ன அளவுப் பிலிமாகவோ முழுமையாகக் கிடைக்கின்றன. 5 சதவீதம் அரைகுறை. மீதி எழுபது சதவீதம் போயே போய்விட்டது.

காரணம் என்ன? காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு படம் ஓடி முடிந்ததும் அதன் வருமானம் நின்றுவிடுகிறது. 1927-க்குப் பிறகு பேசும்படம் வந்ததும் பேசாத படத்துக்கு அங்கே யாரும் டிக்கெட் வாங்கத் தயாராக இல்லை. கம்பெனியின் ஏட்டில் அது பூஜ்யம். ஆனால் அதை வைத்திருக்கச் செலவு உண்டு: கிடங்கு வாடகை, காவல், இன்ஷூரன்ஸ். போதாக்குறைக்கு அந்தக் கால பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பிலிமின் பூச்சில் வெள்ளி இருந்ததால், பழைய சுருள்களை உருக்கி வெள்ளி எடுத்தால் நாலு காசாவது தேறும். வருமானம் பூஜ்யம், செலவு நிச்சயம், பழைய விலைக்குப் போட்டால் உடனே கைக்குக் காசு. எந்தக் கணக்குப்பிள்ளையும் அன்று ஒரே முடிவைத்தான் எடுத்திருப்பார்.

எரிந்ததும் உண்டு. 1937 ஜூலையில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் பாக்ஸ் கம்பெனியின் பிலிம் கிடங்கு வெயில் சூட்டில் தீப்பற்றியது. அந்தக் கம்பெனியின் மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் சாம்பல்.

மூன்று பேர், மூன்று கணக்கு

சாப்ளின், லாயிட், கீட்டன் மூவரும் தங்கள் சொத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு பாடமே இருக்கிறது.

சாப்ளின் கெட்டிக்காரர். 1918-க்குப் பிறகு எடுத்த படங்களின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் அவ்வப்போது திரும்ப வெளியிட்டார். 1925-இல் வந்த 'தி கோல்டு ரஷ்' படத்தை 1942-இல் தன் குரலில் கதை சொல்லி மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வந்தார். 'தி சர்க்கஸ்', 'தி கிட்' படங்களுக்கு முதுமையில் தானே இசையமைத்தார். பொருள் புழக்கத்தில் இருந்தது; பெயரும் நிலைத்தது.

லாயிட்டும் தன் படங்களின் உரிமையைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருந்தார். பெரிய மாளிகை, தோட்டம், படங்களுக்கென்று தனிப் பெட்டக அறை. ஆனால் பூட்டியே வைத்துவிட்டார். தொலைக்காட்சிக்குக் கொடுக்க மனமில்லை. 1943-இல் அந்த அறையில் தீப்பிடித்தது. அவருடைய ஆரம்பக்காலப் படங்கள் பல அதில் அழிந்தன. பெரிய படங்கள் தப்பின. ஆனால் சாப்ளினையும் கீட்டனையும் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு லாயிட் யாரென்றே தெரியாமல் போனது. தன் காலத்தில் சாப்ளினோடு சரிக்குச் சரியாக வசூல் பார்த்தவர் அவர்.

கீட்டன் நிலைமை நேர்மாறு. நல்ல சம்பளம், லாபத்தில் பங்கு. ஆனால் படங்களின் உரிமை அவரிடம் இல்லை. ஏழரை லட்சம் டாலர் போலச் செலவான 'தி ஜெனரல்' அன்று போதிய வசூல் தரவில்லை. 1928-இல் எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்தபின் சுதந்திரமும் போயிற்று, குடும்பமும் சிதறியது, குடியும் சேர்ந்தது. பங்களா கைமாறிக் கைமாறிக் கடைசியில் நடிகர் ஜேம்ஸ் மேசனிடம் வந்தது. 1950-களில் அந்த வளாகத்தில் பழைய பிலிம் சுருள்கள் கிடப்பதை மேசன் கண்டுபிடித்தார். எல்லாம் கீட்டனின் படங்கள். குப்பை என்று தள்ளிவிடாமல் அவற்றை எடுத்து வைத்தாரே, அந்த மனுஷருக்கு ஒரு கும்பிடு. கீட்டனிடமே கேரேஜில் சில சுருள்கள் மிச்சமிருந்தன. லாஸ் ஏஞ்சலஸில் சின்னத் தியேட்டர் நடத்திய ரேமண்ட் ரோஹவர் என்பவர் இவற்றையெல்லாம் புதிய பிலிமில் பிரதி எடுக்க ஏற்பாடு செய்தார். இந்த ரோஹவர் உரிமை கோரி ஊரெல்லாம் வழக்குப் போட்டவர். அவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பிரதி எடுத்தது எடுத்ததுதான். 1960-இல் கீட்டனுக்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து கைதட்டியது. 1966 பிப்ரவரியில் கண்ணை மூடினார். 'தி ஜெனரல்' இன்று உலகின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

பத்திரமாகப் பூட்டிய லாயிட்டின் படங்கள் எரிந்தன. யார் யாரிடமோ சிதறிக் கிடந்த கீட்டனின் படங்கள் பிழைத்தன. வங்கியில் ஒரு பழமொழி போலச் சொல்வோம்: எல்லா டெபாசிட்டையும் ஒரே இடத்தில் போடாதே.

சில்லறை ரசிகர்கள்

யார் அந்த "யார் யாரோ"? இங்கேதான் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் வருகிறார்கள்.

1922-இல் பிரான்ஸின் பாத்தே கம்பெனி 9.5 மி.மீ. அகலமுள்ள சின்னப் பிலிமையும் வீட்டுக்கான புரொஜெக்டரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1923-இல் கோடாக் 16 மி.மீ. பிலிம் வந்தது. இவை சுலபத்தில் தீப்பிடிக்காதவை. சாப்ளினின் சின்னப் படங்களைச் சுருக்கிப் பெட்டியில் போட்டு விற்றார்கள். நூலகம் போல வாடகைக்கும் விட்டார்கள். பிள்ளைகளின் பிறந்த நாளுக்குச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பிறகு பெட்டி பரணுக்குப் போனது. கம்பெனியின் மூலப்பிரதி அழிந்தபோது பரணில் கிடந்த பெட்டி அழியவில்லை. மேலே சொன்ன 11 சதவீதக் கணக்கில் இப்படி வீட்டுப் பிரதியாகப் பிழைத்தவையும் அடக்கம்.

இங்கிலாந்தில் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிச் சிறுவன் 9.5 மி.மீ. புரொஜெக்டருக்காகப் பழைய படங்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தான். வளர்ந்து மௌனப் பட வரலாற்றின் பேராசானாக ஆனார். 1983-இல் டேவிட் கில்லோடு சேர்ந்து 'அன்னோன் சாப்ளின்' என்ற தொடரை எடுத்தார். சாப்ளின் வேண்டாமென்று ஒதுக்கிய பிலிம் துண்டுகளை வைத்தே, ஒரு நகைச்சுவைக் காட்சியை அவர் எத்தனை முறை மாற்றி மாற்றிச் செதுக்கினார் என்று காட்டினார். 2010-இல் பிரவுன்லோவுக்கும் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. விளையாட்டுப் புரொஜெக்டரில் தொடங்கிய கதை அது.

மிச்சிகனில் ஒரு பழம்பொருள் சந்தையில் பால் கியருக்கி என்ற சேகரிப்பாளர் பழைய கீஸ்டோன் படம் ஒன்றை வாங்கினார். போட்டுப் பார்த்தால் நடுவில் போலீஸ்காரர் வேஷத்தில் சாப்ளின்! 1914-இல் வந்த 'எ தீஃப் கேட்சர்' படம் அது. தான் கீஸ்டோன் போலீஸாக நடித்ததாகச் சாப்ளின் சொன்னதை அதுவரை பலர் நம்பவில்லை. 2010-இல் அந்தப் படத்தைத் திரையிட்டதும் சந்தேகம் தீர்ந்தது. கூண்டிலேறிச் சாட்சி சொன்னது ஒரு பழைய தகர டப்பா.

அடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1927 கடைசியில் வெளியான லாரல்-ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'. தெருவில் எல்லாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் கிரீம் பை எறிந்துகொள்ளும் மாபெரும் சண்டை. 3,000 பை எறிந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் அந்த ரீல் காணாமல் போயிற்று. 1957-இல் ராபர்ட் யங்சன் என்பவர் தன் தொகுப்புப் படத்தில் சேர்த்த சில நிமிடங்கள் மட்டுமே உலகத்துக்குத் தெரியும். யங்சன் தனக்கென்று ஒரு முழுப் பிரதி எடுத்து வைத்திருந்தார். அது ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்னொருவரிடம் போனது. 2015-இல், மௌனப் படங்களுக்குப் பியானோ வாசிக்கும் ஜான் மிர்சாலிஸ் தன்னிடம் வந்த டப்பாக்களைத் திறந்து பார்க்கும்போது அந்த ரீல் கிடைத்தது. இன்னும் ஒரு துண்டு மட்டும் பாக்கி: ஹார்டி இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கும் காட்சி. பாலிசிப் பத்திரம் தேடினால் மட்டும் கிடைப்பதில்லை என்பது உலக நியதி போலும்!

மாக்ஸ் லிண்டரைச் சொன்னேன் அல்லவா? 1925-இல் அவரும் மனைவியும் இறந்தபோது மகள் மோடுக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. அப்பாவைப் பார்த்த நினைவே இல்லாத அந்தப் பெண், பெரியவளானதும் அவருடைய படங்களைத் தேடத் தொடங்கினார். ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். 1963-இல் மூன்று படங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983-இல் அப்பாவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2017-இல் மறையும்வரை இதுவே அவர் வேலை. உலகத்துக்கு அவை சிரிப்புப் படங்கள். அவருக்கு அவை அப்பா நடமாடுவதைப் பார்க்கக் கிடைத்த ஒரே வழி.

நம் நாட்டுக் கணக்கு

அயல்நாட்டைப் பார்த்து "அடப்பாவிகளா, விட்டுவிட்டீர்களே" என்று சொல்லும் முன் நம் ஏட்டையும் புரட்ட வேண்டும். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியவை மிகமிகச் சிலவே. நகைச்சுவையில் கல்கத்தாவில் 1931-இல் எடுத்த 'ஜமாய் பாபு' தப்பிப் பிழைத்திருக்கிறது. கிராமத்து மாப்பிள்ளை ஒருவர் பட்டணத்தில் வழி தெரியாமல் திண்டாடுகிற கதை. அன்றைய கல்கத்தாத் தெருக்களையும் அதில் பார்க்கலாம். அதே 1931-இல் வந்த தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் அங்கிருந்துகொண்டு, பழைய தியேட்டர், கிடங்கு, வாரிசுகளின் வீடு என்று அலைந்து சேகரித்தார். 'ஜமாய் பாபு' போன்றவற்றை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அப்படி அலைந்தவர்களால்தான்.

நீங்களும் சேர்க்க விரும்பினால்

முதல் எச்சரிக்கை: இதை முதலீடாக நினைக்காதீர்கள். 2009-இல் இங்கிலாந்தில் ஒருவர் இணைய ஏலத்தில் 3.20 பவுண்டுக்கு ஒரு பிலிம் டப்பா வாங்கினார். உள்ளே சாப்ளின் காட்சிகளோடு முதல் உலகப் போர்க்கால ஜெப்பலின் கப்பலைச் சேர்த்து ஒட்டிய, யாரும் அறியாத படம். செய்தித்தாள்கள் லட்சக்கணக்கில் மதிப்புப் போட்டன. 2011-இல் ஏலத்துக்கு வந்தபோது குறைந்தபட்ச விலைக்குக்கூட ஆள் வரவில்லை. மதிப்பு வேறு, விலை வேறு.

அசல் பிலிமும் வேண்டாம். நைட்ரேட் சுருளை அடுக்குமாடியில் வைப்பது கேஸ் சிலிண்டரைத் தொட்டில் பக்கத்தில் வைப்பது மாதிரி. நமக்கு டி.வி.டி.யும் ப்ளூரேயும் போதும். அமெரிக்கச் சட்டப்படி வெளியாகி 95 ஆண்டு முடிந்த படங்கள் பொதுச்சொத்து. அதனால் கண்டவர்களும் மங்கலான பிரதிகளை விற்கிறார்கள். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: சரியான வேகத்தில் ஓடுகிறதா, இசை படத்துக்கென்றே அமைத்ததா, எந்தக் காப்பகம் புதுப்பித்தது என்று உறையில் போட்டிருக்கிறதா. சாப்ளினின் கீஸ்டோன் படங்களைப் பல நாடுகளில் கிடைத்த பிரதிகளிலிருந்து துண்டு துண்டாக ஒட்டிச் சீர்செய்து 2010-இல் வெளியிட்டார்கள். அந்த மாதிரித் தொகுப்பு பத்து மங்கல் தட்டுகளுக்குச் சமம்.

எதில் தொடங்கலாம்? அடுக்குமாடிக்காரர்களுக்கென்றே இரண்டு சிபாரிசு. ஒன்று, கீட்டனின் 'ஒன் வீக்', 1920. புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் வீடு. பெட்டிகளின் எண்ணை எவனோ மாற்றிவிட, கதவு மாடியில், சமையலறைச் சாமான் வெளியில் என்று வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. கிரகப்பிரவேசத்தன்று மழைக்காற்றில் ராட்டினம் மாதிரி சுற்றுகிறது. வீட்டுக் கடன் வாங்கிய எவரும் கண்ணீர் வரச் சிரிப்பார்கள். இரண்டு, லாரல்-ஹார்டியின் 'பிக் பிசினஸ்', 1929. வாசலுக்கு வந்த விற்பனையாளர்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சின்ன மனத்தாங்கல். இவர் அவர்களின் காரை ஒரு துண்டு பிய்க்க, அவர்கள் இவர் வீட்டில் ஒரு துண்டு பிய்க்க, கடைசியில் காரும் இல்லை, வீடும் இல்லை. பார்க்கிங் தகராறு வரும்போதெல்லாம் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு முறை போட்டுக் காட்டினால் நல்லது. இரண்டுமே சின்னப் படங்கள்தான்.

பரணைப் பாருங்கள்

இப்போது பரணுக்கு வருவோம். நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் கல்யாண வீடியோ கேசட் இருக்கிறது? காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசியது, அம்மா கோலம் போட்டது? போட்டுப் பார்க்க வி.சி.ஆர். இல்லை, அதனால் நம் ஏட்டில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். அடுத்த பெயின்ட் அடிப்பின்போது பழைய பேப்பர்க்காரரிடம் போகக் காத்திருக்கின்றன. நூறு வருடத்துக்கு முன் பிலிம் கம்பெனிகள் போட்ட அதே கணக்கைத்தான் நாமும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடும், மெஷினும் கெடும். சுத்தம் செய்து கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. பழைய 8 மி.மீ. பிலிம் சுருள் இருந்து, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; தள்ளிப்போடாமல் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை உங்கள் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். லாயிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கும் தங்கையிடம், ஒன்று மகனோ மகளோ இருக்கும் ஊரில். மூன்று இடத்தில் இருந்தால் எதுவும் சுலபத்தில் அழியாது.

விருப்பமுள்ளவர்கள் சொன்னால், நம் சமுதாயக் கூடத்தில் ஒரு ஞாயிறு மாலை 'ஒன் வீக்' திரையிடலாம். டிக்கெட் கிடையாது, சுண்டலுக்கு மட்டும் பத்து ரூபாய் வசூலித்து, கணக்கை அடுத்த மடலில் பைசா சுத்தமாக வெளியிடுகிறேன்.